யோகலட்சுமி மீட்கப்பட்ட வரலாறு

பயப்படுவதற்கு மூக்காண்டிக்கு ஒரு காரணம் தேவைப்பட்டதே இல்லை. தறிக்கூடத்தில் கரண்டு போனால் பயப்படுவார், திரும்பி வந்தாலும் பயப்படுவார். ரேஷன் கார்டு தொலைந்துவிடுமோ என்று பயந்து அதை ஒளித்துவைத்து, ஒளித்த இடம் மறந்துபோய், அதற்காக நான்கு மாதம் பயந்துகொண்டிருந்தவர். எல்லாவற்றுக்கும் மேலே, கழுத்தில் நாடா மாட்டி அடையாள அட்டையைத் தொங்கவிட்டிருக்கும் ஆட்களைக் கண்டால் அடுத்த சந்துக்குள் நுழைந்துவிடுவார். அந்த அட்டைகளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் வாசித்ததில்லை. வாசிக்கிற அளவுக்குப் பக்கத்தில் நின்றதும் இல்லை.

அப்படிப்பட்ட மனுஷனைத் தேடி, புரட்டாசி மாதம் ஒரு காலை பதினொரு மணிக்கு, சங்கரன்கோவிலில் அவர் வேலை பார்க்கும் விசைத்தறிக் கூடத்துக்கே மூன்று அட்டைகள் வந்து நின்றன.

நடு அட்டைக்காரர் பெயர் பேச்சிராஜா. பந்தொளி அறக்கட்டளையின் வட்டார ஒருங்கிணைப்பாளர். வயது முப்பதுதான் இருக்கும், ஆனால் அறுபது வயதுக்காரர் போலத் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் எதையும் ஆரம்பிப்பார். அன்றைக்கும் செருமினார். அது மூக்காண்டிக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு பேசியதும் கேட்கவில்லை. இருபது தறி ஓடுகிற கூடத்தில் காதோடு வாயை வைத்துக் கத்தினாலும் உதடு அசைவது மட்டும்தான் தெரியும்.

அங்கே வேலை செய்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் வந்து எதைச் சொன்னாலும் முதலில் தலையை ஆட்டிவிடுவார்கள். தறி நின்றபிறகு போய் என்ன ஏது என்று விசாரித்துக்கொள்வார்கள். முதலாளிக்கு இது தெரியும், மேஸ்திரிக்குத் தெரியும், டீ கொண்டுவருகிறவருக்கும் தெரியும். ஆகையால் அந்தக் கூடத்தில் ஆடுகிற தலையை நம்பி யாரும் எந்தக் காரியத்திலும் இறங்கிவிட மாட்டார்கள். அறக்கட்டளைக்கு மட்டும் இது தெரியாது.

பேச்சிராஜா கையிலிருந்த டேப்லட்டைப் பார்த்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். மூக்காண்டி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நான்காவது கேள்விக்கு ஆட்டியபோது கூட வந்திருந்த அம்மாள் கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏழாவது கேள்விக்கு ஆட்டியபோது மூன்றாமவர் மூக்காண்டியை முறைத்துப் பார்த்தார். பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார்கள். இவர் கையெழுத்துப் போட்டார். போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தறி நின்றதும் ஓடிப்போய் மேஸ்திரியிடம் கேட்டார். "அண்ணாச்சி, என்ன கேட்டாவ?"

"எனக்கென்ன தெரியும்? நீருதானவே தலையாட்டுனீரு."

என்ன கேட்டார்கள் என்பது சாயங்காலம் தெரிந்தது. மகள் யோகலட்சுமி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தாள். பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. இடது காலால் உதைத்தால் பந்து போகிற இடம் பந்துக்கே தெரியாது என்று பி.டி. சார் மன்சூர் அலி சொல்லுவார். சாதாரணமாக அழுகிற பிள்ளை இல்லை. அன்றைக்கு அழுதாள்.

"யப்பா, எம்பேரை ரிஜிஸ்டர்லேருந்து எடுத்துட்டாங்க. நான் படிப்பை நிறுத்திட்டேனாம். நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாம்."

மூக்காண்டி கட்டிலில் கிடந்த பையை எடுத்து ஆணியில் மாட்டினார். பெண்டாட்டி பேச்சித்தாய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, புருஷனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். தலையாட்டினேன் என்று எந்த வாயால் சொல்லுவது?

நடந்தது இதுதான். பந்தொளி அறக்கட்டளை "உருளும் பந்து, உயரும் கல்வி" என்று ஒரு திட்டம் வைத்திருந்தது. சங்கரன்கோவிலில் தொடங்கிக் குருவிகுளம் வரைக்கும் பதினாறு பள்ளிக்கூடங்களைத் தேர்ந்தெடுத்து, பந்தாட்டத்தின் மூலமாகக் கல்வியையும் சமுதாயத்தையும் ஒரே உதையில் மேலே அனுப்புவது அதன் நோக்கம். யோகலட்சுமி படித்த பள்ளியும் அதில் ஒன்று. பள்ளியின் பெயர் வேண்டாம், நமக்கு எதற்கு வம்பு?

அந்தப் பள்ளியில் திட்டம் வருவதற்கு முன்பே நான்கு வருஷமாகப் பெண்பிள்ளைகள் பந்து ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். மன்சூர் அலி சார் கடையநல்லூரிலிருந்து கொண்டுவந்த ஒரே ஒரு பந்து, மூன்று தடவை தையல் போட்டது. திட்டம் வந்த அன்று பன்னிரண்டு புதுப் பந்து வந்தது. புதுப் பந்து மண்ணில் பட்டால் அழுக்காகிவிடும் என்று தலைமையாசிரியர் பன்னிரண்டையும் பீரோவில் வைத்துப் பூட்டினார். விளையாட்டு பீரியடில் பிள்ளைகளை வகுப்பில் உட்காரவைத்து "பந்து வழி வாழ்க்கைத் திறன்" நடத்தப்பட்டது. பந்திடமிருந்து நாம் கற்க வேண்டிய பத்துப் பண்புகள் என்ன? உருண்டையாக இருத்தல். உள்ளே காற்று இருந்தும் வெளியே காட்டிக்கொள்ளாமை. எத்தனை பேர் உதைத்தாலும் எதிர்த்துப் பேசாமை. இப்படிப் பத்து. இதற்குத் தேர்வும் வைத்தார்கள். பழைய பந்தையே ஆடிப் பழகியிருந்த யோகலட்சுமி அதில் நான்கு பண்புதான் எழுதினாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, அறிக்கை எழுதும் நாள் வரும்வரை. அறிக்கையில் ஒரு கட்டம் இருந்தது: "பந்தாட்டத்தின் மூலம் மீட்கப்பட்ட இடைநின்ற மாணவர், பள்ளிக்குக் குறைந்தது ஒருவர்." இந்தப் பள்ளியில் ஆறு வருஷமாக ஒரு பிள்ளைகூடப் படிப்பை நிறுத்தியதில்லை. தலைமையாசிரியர் அதற்காக ஒரு கேடயம்கூட வாங்கியிருந்தார். இப்போது அந்தக் கேடயத்தைப் பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"நம்ம ஸ்கூல்ல யாரும் நிக்கலையே தம்பி" என்று பேச்சிராஜாவிடம் தலைகுனிந்து சொன்னாராம்.

"அதுக்கென்ன சார்? நிக்க வச்சிருவோம்" என்று பேச்சிராஜா தைரியம் சொன்னாராம்.

யாரை நிற்க வைப்பது? மீட்பு விழாவுக்கு வருகிற அறக்கட்டளை நிறுவனர் ஒருவேளை பந்தை உதைத்துக் காட்டச் சொல்லிவிட்டால் உதைக்கத் தெரிந்த பிள்ளையாக இருக்க வேண்டும். அப்படித்தான் யோகலட்சுமி தேர்வானாள்.

மறுநாள் மூக்காண்டி பள்ளிக்கூடத்துக்குப் போனார். தலைமையாசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போவதா வேண்டாமா என்று கால்மணி நேரம் நின்றார். தலைமையாசிரியரே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அது இன்னும் பயமாக இருந்தது.

"ஏன் பயப்படுதீரு? உம்ம மக படிக்க மாட்டான்னு இங்க யாராவது சொன்னோமா? நல்லா படிக்கிற பிள்ளை. அதுதான் பிரச்சினையே. பள்ளிக்கூடத்துல இருக்கிற பிள்ளையை எப்படிவே பள்ளிக்கூடத்துக்கு மீட்க முடியும்? முதல்ல வெளிய போகணும். போனாத்தான் உள்ள கொண்டுவர முடியும். கல்வியை வளக்கணும்னா சில பிள்ளைகள் கொஞ்ச நாளு கல்வியை விட்டுக்குடுக்கணும். நான் முப்பது வருச சர்வீஸ்ல சொல்லுதேன்."

"எப்ப சார் திரும்பச் சேப்பிய?"

"நிறுவனர் வந்து மேடையில அவரு கையால சேப்பாரு. ஜனவரி இருவது."

"அது வரைக்கும் பிள்ளை வீட்டுல இருக்கணுமா சார்?"

"சே சே, தினம் வரச் சொல்லும். ஆனா வந்ததா இருக்கக் கூடாது. கடைசி பெஞ்சுல உக்காரட்டும். அட்டைக்காரங்க வந்தா பின்னால சுவரு இருக்கு."

அன்றிலிருந்து யோகலட்சுமி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜீப் சத்தம் கேட்டால் புத்தகத்தை மடித்துக்கொண்டு பின்பக்கச் சுவரேறிக் குதித்தாள். ஊரில் பிள்ளைகள் படிப்புக்குப் பயந்துதான் சுவரேறிக் குதிப்பார்கள். படிக்க வருகிற பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடமே குதிக்கக் கற்றுக்கொடுத்தது அங்கேதான். அரையாண்டுத் தேர்வை எழுதினாள், டீச்சர்கள் திருத்தினார்கள், நானூற்று முப்பது மார்க் வந்தது. அதைப் பதிவதற்குத்தான் எங்கேயும் பெயர் இல்லை. கணக்கு டீச்சர் அந்த மார்க்கை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்து, "பத்திரமா வச்சுக்க" என்றார்.

மூக்காண்டி அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். அவருக்கு ராத்தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் ரிஜிஸ்டரும், அதில் ஒரு கோடும் தெரியும்.

கார்த்திகையில் போட்டோ எடுக்க வந்தார்கள். இடைநின்ற பிள்ளையின் வீட்டுச் சூழலைப் பதிவு செய்ய வேண்டுமாம். பேச்சிராஜா வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பிரிட்ஜ் இருக்கக் கூடாது என்றார். பேச்சித்தாய் அதன்மேல் ஒரு சேலையைப் போட்டு மூடினாள். டிவியைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்கள். அலமாரியில் இருந்த பாடப்புத்தகங்களை அரிசிப் பானைக்குள் போட்டார்கள். யோகலட்சுமியை அம்மிப் பக்கத்தில் உட்காரவைத்து, ஏக்கமாக வெளியே பார்க்கச் சொன்னார்கள். வீட்டில் அம்மி கிடையாது, எதிர்வீட்டிலிருந்து இரண்டு பேர் தூக்கிவந்து வைத்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் சோகமா, மக்கா" என்றார் போட்டோக்காரர்.

"நாளைக்கு சயின்ஸ் டெஸ்ட் இருக்கு சார், சீக்கிரம் எடுங்க" என்றாள் அவள்.

அந்தப் படம் நன்றாக வந்தது. அறக்கட்டளையின் சென்னை அலுவலகத்தில் அதைப் பெரிதாக்கி மாட்டியிருப்பதாகப் பேச்சிராஜா சொன்னார். பிள்ளையின் சோகம் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. பிடித்ததால் வந்த வினைதான் அடுத்தது. படத்தைப் பார்த்தவர்கள், இந்தப் பிள்ளை ஏன் படிப்பை நிறுத்தியது என்று படிவத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். ஏழாவது கேள்விக்கு எதிரே "குழந்தைத் திருமணம் நிச்சயிக்கப்பட்டுள்ளது: ஆம்" என்று இருந்தது. தகப்பன் கையெழுத்தும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அறக்கட்டளையின் குழந்தைத் திருமணத் தடுப்புக் குழு வந்து இறங்கியது. ஐந்து அட்டைகள். வாசலில் நிற்க இடம் போதாமல் ஒருவர் தெருவில் நின்றார். பேச்சிராஜாவும் கூட வந்து, எதுவும் தெரியாதவர் போலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழுவின் தலைவி கேட்டார். "மாப்பிள்ளை யாரு?"

அப்படி ஒருத்தன் இல்லை என்றால் படிவம் பொய். பொய்ப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் ஜெயில். இருக்கிறான் என்றால் குழந்தைத் திருமணம். அதற்கும் ஜெயில். இரண்டு ஜெயிலுக்கும் நடுவில் மூக்காண்டி வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கேக்கிறோம்ல? எந்த ஊரு?"

"பனவடலிசத்திரம்" என்று வாயில் வந்துவிட்டது. அங்கே அவருக்கு ஒருத்தரையும் தெரியாது.

"வயசு? பேரு? என்ன வேலை? இப்ப எங்க இருக்கான்? எங்களைக் கூட்டிட்டுப் போங்க, வண்டி இருக்கு."

வண்டியில் ஏறிப் பனவடலிசத்திரம் போய் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது, எந்தத் தாய் பெற்ற பிள்ளையைக் கையைக் காட்டுவது என்று நினைக்கும்போதே மூக்காண்டிக்குக் கண் இருட்டியது. அப்போது உள்ளேயிருந்து பேச்சித்தாயின் குரல் வந்தது.

"அவன் செத்துட்டான்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சித்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "போன வாரம்தான். காய்ச்சல்னு படுத்தான், எந்திரிக்கல. எங்களுக்குக் குடுப்பினை இல்ல."

தலைவி டேப்லட்டை மூடிவைத்தார். பிறகு மெதுவாக, "எல்லாரும் எந்திரிங்க" என்றார். ஏற்கனவே நின்றுகொண்டிருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்கள். பெயர் தெரியாத, ஊர் மட்டும் தெரிந்த, பிறக்கவே பிறக்காத அந்த மாப்பிள்ளைக்காக ஐந்து அட்டைகளும் ஒரு நிமிஷம் மௌனம் காத்தன. மூக்காண்டியும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உண்மையாகவே அவருக்கு அழுகை வந்தது. மௌனம் முடிந்ததும் தலைவி டேப்லட்டில் எழுதினார்: "பந்தாட்டத்தின் மூலம் ஒரு குழந்தைத் திருமணம் தடுக்கப்பட்டது."

அவர்கள் போனபிறகு பேச்சித்தாய் பிரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்து மடமடவென்று குடித்தாள். பாதித் தண்ணீர் கீழே சிந்தியது. "இனிமே எவன் வந்து என்ன கேட்டாலும் என்னைக் கூப்பிடுங்க. நீங்க வாயையும் திறக்காதீங்க, தலையையும் ஆட்டாதீங்க" என்றாள்.

இதோடு முடிந்தது என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். பொங்கல் லீவு முடிந்த மறுநாள் மகளுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோன மூக்காண்டியை, பள்ளி அலுவலகத்தின் ஜன்னலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். பள்ளியின் கம்ப்யூட்டர் பதிவுகளையெல்லாம் பார்க்கிற ஜஸீமா. கடையநல்லூரிலிருந்து தினம் பஸ்ஸில் வந்துபோகிற பெண்.

"அண்ணாச்சி, இங்கன வாங்க. சத்தமாப் பேசாதீங்க. பத்தாம் கிளாஸ் பப்ளிக் எக்ஸாமுக்குப் பிள்ளைங்க பேரை ஏத்துதோம்லா, யோகலட்சுமி பேரு எங்க லிஸ்ட்டுல இல்ல. காமன் பூல்ல கிடக்கு."

"அது எங்கம்மா இருக்கு?"

"எங்கயும் இல்ல. எந்தப் பள்ளிக்கூடத்துலயும் இல்லாத பிள்ளைங்க பேரு கிடக்கிற இடம் அது. நான் எடுத்துருவேன், ரெண்டு நிமிச வேலை. ஆனா ஹெச்.எம். கையெழுத்துப் போட்ட சேர்க்கைப் படிவம் வேணும். அதை ஸ்கேன் பண்ணிப் போடாம உள்ள விடாது."

"இருவதாம் தேதி சேப்பாங்கன்னு…"

"இருவதாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்கு சைட்டை மூடுதாங்க, அண்ணாச்சி. அதுக்குள்ள பேரு ஏறலன்னா இந்த வருசம் அவ பரிச்சை எழுத முடியாது. அல்லா மேல ஆணையா சொல்லுதேன், நான் ரெண்டு நாளா சோறு திங்கல."

மூக்காண்டிக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இத்தனை நாள் அவர் பயந்ததெல்லாம் தனக்காக. ஜெயில், போலீஸ், அபராதம். இப்போது வந்த பயம் வேறு. பரீட்சை எழுதாத பிள்ளையை அடுத்த வருஷம் வரை வீட்டில் வைத்திருக்க முடியுமா? சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? தறிக்கூடத்தில் நூல் சுற்ற ஆள் தேடுகிறார்கள். படிவத்தில் இருந்த பொய்யெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்து உண்மையாகிவிடும் போலிருந்தது.

நேராகத் தலைமையாசிரியரிடம் போனார். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை, செருப்போடு உள்ளே போய்விட்டார்.

"தேதியை எக்ஸ்டென்ட் பண்ணுவாங்கவே" என்றார் தலைமையாசிரியர்.

"பண்ணலன்னா?"

"பண்ணுவாங்க."

"இப்பவே ஒரு கையெழுத்துப் போட்டுருங்க சார். மேடையில சும்மா குடுக்கிற மாதிரிக் குடுத்துக்கிடட்டும்."

"ஏற்கனவே சேத்த பிள்ளையை நிறுவனர் கையால மறுபடியும் சேத்தா அது பொய் ஆயிராதா? நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன சொல்லுவேன்? எனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்குலா?" சொல்லிவிட்டு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரும் பயந்துபோயிருக்கிறார் என்று மூக்காண்டிக்குத் தெரிந்தது. அறக்கட்டளைக்கு மேலே யார் யார் இருக்கிறார்கள் என்று தலைமையாசிரியருக்குத் தெரியாது. தெரியாததால் எல்லாரும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டிருந்தார்.

இருபதாம் தேதி விழா மத்தியானம் இரண்டு மணிக்கு. மைதானம் முழுக்கப் பந்தல். கோல் போஸ்ட் இடைஞ்சலாக இருக்கிறதென்று இரண்டையும் பிடுங்கிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். மேடை நடுவில் வெள்ளித்தட்டில் ஒரு புதுப் பந்து. அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மல்லிகை மாலை போட்டிருந்தது. பந்தாடுகிற பிள்ளைகள் பதினோரு பேரும் ஆளுக்கொரு எழுத்து அட்டையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றார்கள். மன்சூர் அலி சாருக்கு பேனரின் ஒரு முனையைப் பிடிக்கும் பொறுப்பு தரப்பட்டிருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து, மைக்கில் பேசுகிறவர் எங்கே நிறுத்தினாலும் கைதட்ட வேண்டும் என்று காலையிலிருந்து பழக்கியிருந்தார்கள்.

நிறுவனர் முனைவர் செண்பகராமன் வந்தபோது மணி மூன்றே முக்கால். மூக்காண்டி மேடையின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் ஜஸீமா நிரப்பிக்கொடுத்த சேர்க்கைப் படிவம். மைதானத்தின் அந்தக் கடைசியில் அலுவலக ஜன்னல், அதற்குள் ஜஸீமாவின் முக்காடு. மேடைக் கடிகாரம் அவருக்கு நேர் எதிரே இருந்தது.

வரவேற்புரை முடிய நான்கு மணி. பொன்னாடைகள் முடிய நான்கு பத்து. நிறுவனர் மைக்கைப் பிடித்தார்.

"நான் வாழ்நாளில் பந்தை உதைத்ததில்லை. உதைத்திருந்தால் வெறும் ஆட்டக்காரனாகப் போயிருப்பேன். உதைக்காததால்தான் இன்று பந்தைப் பற்றிச் சிந்திக்க முடிகிறது." கைதட்டல். "பிள்ளைகள் படிப்பை நிறுத்துவது என் இதயத்தைப் பிழிகிறது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒரு பிள்ளையும் நிறுத்தாவிட்டால் நம் அறக்கட்டளை யாரை மீட்கும்? நம்மிடம் பணியாற்றும் நாற்பது குடும்பங்கள் என்ன செய்யும்? எனவே இடைநின்ற ஒவ்வொரு குழந்தைக்கும் நன்றி சொல்கிறேன்." கைதட்டல். "சென்ற ஆண்டு எட்டுப் பேரை மீட்டோம். இந்த ஆண்டு பதினாறு. அடுத்த ஆண்டு முப்பத்திரண்டு என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். தலைமையாசிரியர்கள் மனது வைத்து, நல்ல பிள்ளைகளாகப் பார்த்துத் தந்து உதவ வேண்டும்."

நான்கு முப்பது. நான்கு முப்பத்தைந்து. நிறுவனர் தன் இளமைப் பருவத்துக்குப் போய்விட்டார். மூக்காண்டியின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றியது. தான் ஓடினால் பிள்ளை இங்கேயே நிற்குமே என்று உட்கார்ந்தார். வரிசையில் நின்ற யோகலட்சுமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

நான்கு நாற்பத்து நான்குக்குப் பேச்சிராஜா மைக்கில் அழைத்தார். "இப்போது, மனம் திருந்திய தந்தை தன் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்வார்." கையில் ஒரு தாளைத் திணித்தார்.

மூக்காண்டி எழுந்தார். மைக்கின் முன்னால் நின்றார். தாள் ஆடியது. எழுத்துக்கூட்டி வாசித்தார். "நான் ஒரு மூடத் தகப்பன்."

கைதட்டல்.

"அறியாமை இருளில் மூழ்கி, என் மகளின் கல்விக் கண்ணைக் குத்திய…" அதற்கு மேல் எழுத்து தெரியவில்லை. அலுவலக ஜன்னலில் ஜஸீமா இரண்டு கையையும் தூக்கி வீசிக்கொண்டிருந்தாள். மூக்காண்டிக்குப் பயம் தொண்டை வரைக்கும் வந்து, அதற்கு மேல் போக இடமில்லாமல் வாய் வழியே வெளியே வந்தது.

"ஐயா, எம்புள்ள ஒருநாளும் பள்ளிக்கூடத்துக்கு வராம இருந்ததில்லங்க."

கைதட்டல்.

"இவியதான் பேரை எடுத்தாவ. தறிச் சத்தத்துல என்ன கேட்டாவன்னு தெரியாமத் தலையாட்டிட்டேன்."

கைதட்டல். நிறுவனர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"மாப்பிள்ளையும் கிடையாது, ஒருத்தனும் சாகவும் இல்ல. அஞ்சு மணிக்கு மூடிருவாங்களாம். பிள்ளை பரிச்சை எழுத முடியாதாம். உங்க கால்ல விழுதேன், ஹெச்.எம். சார், இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

இதற்குத்தான் பெரிய கைதட்டல். நிறுவனர் எழுந்தே நின்றுவிட்டார். "பார்த்தீர்களா! ஒரு தறித்தொழிலாளியை மேடையில் நின்று உண்மை பேச வைத்திருக்கிறோம். இதுதான் சமுதாய மேம்பாடு!" என்றார். அவர் ஒரு சொல்லையும் கேட்கவில்லை என்று மூக்காண்டிக்கு விளங்கியது. தலைமையாசிரியர் மட்டும் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. முன்வரிசையில் நிருபர்கள் இருந்தார்கள்.

"போடுங்க சார், போடுங்க" என்று நிறுவனரே உற்சாகப்படுத்தினார். தலைமையாசிரியர் படிவத்தை வாங்கி, மாலை போட்ட பந்தின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். மணி நான்கு ஐம்பத்திரண்டு. யோகலட்சுமியை மேடைக்கு அழைத்து, படிவத்தை நிறுவனர் ஒரு கையாலும் அவள் ஒரு கையாலும் பிடித்துக்கொண்டார்கள்.

"ஒன் மோர் சார்" என்றார் போட்டோக்காரர்.

இன்னொன்று எடுத்தார். இன்னும் ஒன்று. பேச்சிராஜா தன்னையும் சேர்த்து ஒன்று எடுக்கச் சொன்னார். நான்கு ஐம்பத்தைந்து.

யோகலட்சுமி படிவத்தை நிறுவனர் கையிலிருந்து உருவினாள். மேடையிலிருந்து ஒரே குதி. பந்தலுக்கு நடுவே, நாற்காலிகளுக்கு இடையே, பூத்தட்டு ஏந்தியவர்களைத் தாண்டி ஓடினாள். மன்சூர் அலி சார் பேனரைக் கீழே போட்டுவிட்டு, "லெஃப்டுல போ! லெஃப்டுல கேப் இருக்கு!" என்று கத்தினார். எழுத்து அட்டை பிடித்திருந்த பத்துப் பிள்ளைகளும் அட்டைகளை எறிந்துவிட்டு விசிலடித்தார்கள். பந்தாட்டத்துக்காக நடந்த அந்த விழாவில், அந்த மைதானத்தில் யாராவது ஓடினார்கள் என்றால் அது அவள் மட்டும்தான்.

ஐந்து மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஜன்னலில் ஜஸீமாவின் கை தெரிந்தது. கட்டைவிரல் மேலே இருந்தது. மூக்காண்டி மேடைப் படியிலேயே உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நன்றியுரை தொடர்ந்து நடந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை தபாலில் ஒரு கடிதம் வந்தது. பேச்சித்தாய்தான் பிரித்து வாசித்தாள். "இருபதாம் தேதி நிகழ்வில், மறுசேர்க்கை முழுமை பெறுமுன் பயனாளி யோகலட்சுமி மேடையை விட்டு ஓடிவிட்டமையால், அவர் மீண்டும் இடைநின்றவராகக் கருதப்படுகிறார். பந்தொளி மனம் தளராது. அவரை இரண்டாம் முறையாக மீட்பதற்கு எங்கள் குழு வியாழக்கிழமை பள்ளிக்கு வருகிறது. அதற்கு முன் பள்ளிப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லாதவாறு பார்த்துக்கொள்ளும்படி தலைமையாசிரியரைக் கேட்டுக்கொண்டுள்ளோம்." தலைமையாசிரியர் திங்கட்கிழமையே மெடிக்கல் லீவில் போயிருந்தார்.

வியாழக்கிழமை மூக்காண்டி தறிக்குப் போகவில்லை. மகளோடு பள்ளிக்கு நடந்து வந்து, அவளை உள்ளே அனுப்பிவிட்டு, கேட்டுக்கு உள்பக்கம் தரையில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு பீரியடுக்கும் மணி அடித்ததும் எழுந்து அலுவலக ஜன்னலுக்குப் போவார்.

"பேரு இருக்காம்மா?"

"இருக்கு அண்ணாச்சி."

மூன்றாவது தடவை ஜஸீமா கம்ப்யூட்டரை ஜன்னல் பக்கம் திருப்பிவைத்து, விரலால் தொட்டுக் காட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

பதினொன்றரைக்கு ஜீப் வந்தது. பேச்சிராஜா முன்னால் இறங்கினார், பின்னால் நான்கு பேர். ஒருவர் கையில் மாலை போட்ட பந்து இருந்தது. "என்ன அண்ணாச்சி, இங்கயே இருக்கீங்க? நல்லதாப் போச்சு. பிள்ளையைக் கூப்பிடுங்க, மீட்டுட்டுப் போயிருதோம்" என்று சிரித்தபடி வந்தார்.

மூக்காண்டி எழுந்து இரும்புக் கேட்டை இழுத்தார். துரு ஏறிய கேட், பாதியில் சிக்கிக்கொண்டது. தோளைக் கொடுத்துத் தள்ளினார். பேச்சிராஜாவின் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் அது மூடிக்கொண்டது. பயந்துகொண்டே தாழ்ப்பாளைப் போட்டார்.

உள்ளே பத்தாம் வகுப்பில் டீச்சர் அந்தப் பீரியடுக்கு அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். யோகலட்சுமி பெயரையும் கூப்பிட்டார்.